பிரசவம் முடிந்த முதல் இரண்டு மணி நேரம்: லேபர் ரூம் நர்ஸுக்கு முழுமையான வழிகாட்டி

குழந்தை அழுதுவிட்டது, நஞ்சும் (நஞ்சுக்கொடி) வந்துவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஸ்டாஃப் நர்ஸ்களில் பலர் இந்த இடத்தில் "அப்பாடா" என்று கையுறையைக் கழற்றிவிட்டு ரிஜிஸ்டரைத் திறக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய கடும் ரத்தப்போக்கு (பி.பி.எச்.) பெரும்பாலும் தலைகாட்டுவது அதற்கு அடுத்த சில நிமிடங்களிலும், தொடர்ந்து வரும் ஒன்றிரண்டு மணி நேரத்திலும்தான். அந்த நேரத்தில் எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்கும் சுகப்பிரசவத்தை மனதில் வைத்து எழுதியது. சிசேரியன் ஆன தாய்க்கு வேறு கணக்கு. மருந்தளவுகள் நம் பயிற்சிகளில் சொல்லித்தரப்படுபவையே. ஆனால் உங்கள் நிலையத்தில் ஒட்டியிருக்கும் நடைமுறைத் தாளும் பணியில் இருக்கும் மருத்துவரின் உத்தரவும்தான் முதலில்.

1. தலை தெரிவதற்கு முன்பே முடிக்க வேண்டியவை

கேஸ் ஷீட்டில் நான்கு விஷயங்களை மட்டும் தேடி எடுத்து, லேபர் ரூம் பலகையில் பெரிதாக எழுதுங்கள்: ஹீமோகுளோபின், ரத்த வகை, கர்ப்ப காலத்து பி.பி., முந்தைய பிரசவங்களில் ரத்தப்போக்கோ நஞ்சு தங்கியதோ உண்டா. பிரச்சினை வந்தபின் பக்கம் புரட்ட யாருக்கும் கை ஓயாது.

ஹீமோகுளோபின் ஏன் முதலில்? 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2% பேருக்கு ரத்தசோகை. நல்ல உடம்புக்காரிக்குத் தாங்கக்கூடிய இழப்பு, 8 கிராமில் இருக்கும் 42 கிலோ பெண்ணை மயக்கத்தில் தள்ளிவிடும். அவளுக்கு உங்கள் பொறுமையின் எல்லை பாதிதான்.

வென்ஃப்ளானை (நரம்பில் நீர் ஏற்றும் ஊசிக்குழாய்) இப்போதே போட்டுவிடுங்கள், 18 அல்லது அதைவிடப் பெரிய 16; எண் குறையக் குறையத் துளை பெரிது. ரத்தம் போனபின் நரம்பு சுருங்கிவிடும், அப்போது தேடினால் கிடைக்காது. சின்ன குழந்தைக்குப் போடுவது போல 22 போட்டு வைத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அதன் வழியாக அவசரத்துக்கு நீர் ஏற்ற முடியாது.

கர்ப்பப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின், 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்பெட்டியில் இருக்க வேண்டிய மருந்து. மே மாத வெயிலில் காலையில் டிரேயில் எடுத்து வைத்த ஆம்பியூல் மாலையில் எவ்வளவு வேலை செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. தலை தெரியும் நேரத்தில் எடுத்து, சிரிஞ்சில் 10 யூனிட் ஏற்றி, பெயர் எழுதி ஒட்டி வையுங்கள். குளிர்பெட்டியின் உறைபகுதியிலும் வைக்கக் கூடாது.

ரத்தப்போக்கு டிரேயைப் பணி மாறும்போதே திறந்து பாருங்கள். ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் நீர்) பாட்டில்கள், டிரிப் செட், டிரானெக்ஸாமிக் ஆசிட் (உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் மருந்து), கர்ப்பப்பையை இறுக்கும் மெதர்ஜின், மிசோப்ரோஸ்டால், கேத்தீட்டர், யூரோ பேக், நீளக் கையுறை, ரத்த மாதிரிக் குழாய்கள், ஷாக் கார்மெண்ட் (கால்களையும் வயிற்றையும் சுற்றி இறுக்கிக் கட்டும் உடை) எல்லாம் இருக்க வேண்டும். டிரே இருக்கிறது, உள்ளே இருந்த டிரிப் செட்டை வார்டில் யாரோ கடன் வாங்கிப் போயிருக்கிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை.

2. குழந்தை பிறந்த முதல் நிமிடம்

குழந்தையைத் துடைத்துத் தாயின் வயிற்றில் போட்ட உடனே, வயிற்றைத் தொட்டு இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஸ்கேன் பார்த்திருந்தாலும் செய்யுங்கள். உள்ளே இரண்டாவது குழந்தை இருக்கும்போது ஆக்ஸிடோசின் போட்டால் அதன் உயிருக்கே ஆபத்து.

பிறகு தொடையில் ஆக்ஸிடோசின் 10 யூனிட், தசையில். ஒரு நிமிடத்துக்குள் போட வேண்டும் என்பதற்குக் காரணம் எளிது. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சு பிரிந்த இடத்தில் வாய் திறந்து நிற்கும் ரத்தக்குழாய்களை மூடுவது முக்கியமாகக் கர்ப்பப்பைத் தசையின் இறுக்கம்தான். ஊசி வேலை செய்ய இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும், அதனால் நஞ்சு பிரிவதற்கு முன்பே மருந்து உடம்பில் இருக்க வேண்டும்.

தொப்புள்கொடியை 1 முதல் 3 நிமிடம் வரை விட்டு, அப்புறம் கிளாம்ப் செய்யுங்கள். குழந்தை அழாமல் உயிர்ப்பிக்க வேண்டிய நிலையில் இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

தாய் ஆர்.எச். நெகட்டிவ் என்றால் கொடியில் இருந்து ரத்த மாதிரியை இப்போதே எடுங்கள். நஞ்சை மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டபின் ஞாபகம் வந்து தேடுவது இங்கே வழக்கமான தவறு. குழந்தையின் வகை பாசிட்டிவ் என்று தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும்.

கொடியை இழுப்பது கர்ப்பப்பை இறுகும்போது மட்டும். ஒரு கை அடிவயிற்றில், இடுப்பெலும்புக்கு மேலே கர்ப்பப்பையை மேல்நோக்கித் தாங்க வேண்டும். இன்னொரு கை கொடியைச் சீராகக் கீழே இழுக்க வேண்டும். தாங்கும் கையை எடுத்துவிட்டு இழுத்தால் கர்ப்பப்பையே உள்பக்கம் வெளியாகப் புரண்டு வந்துவிடலாம். இழுத்தும் வரவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்த வலிக்குக் காத்திருங்கள். அரை மணி நேரம் ஆகியும் நஞ்சு வராவிட்டால், ரத்தம் போகாவிட்டாலும்கூட, மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

3. நஞ்சை வெளிச்சத்தில் பார்ப்பது

"முழுசா வந்துடுச்சு" என்று பேஸினில் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வது சோதனை ஆகாது.

இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, தாயின் பக்கம் ஒட்டியிருந்த முகத்தை மேலே வைத்து, ரத்தக்கட்டிகளைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். மடல்கள் பக்கத்தில் பக்கத்தில் பொருந்தி உட்கார வேண்டும். எங்காவது ஒரு குழி தெரிந்து, அதன் ஓரம் பிய்ந்து இருந்தால் ஒரு துண்டு உள்ளே நிற்கிறது. அப்புறம் கொடியைப் பிடித்துத் தூக்கி, சவ்வைத் தொங்கவிட்டு, கையை உள்ளே விட்டு விரித்துப் பாருங்கள். சவ்வின் ஓரத்தில் ஒரு ரத்தக்குழாய் ஓடிவந்து பாதியில் அறுந்து நின்றால், தனியாக ஒரு சிறிய மடல் உள்ளே தங்கியிருக்கலாம்.

உள்ளே தங்கிய துண்டு கர்ப்பப்பையை முழுதாக இறுகவிடாது. சந்தேகம் இருந்தால் நஞ்சைத் தூக்கிப் போடாமல் மூடி வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். பார்த்து முடித்ததும் மஞ்சள் பைக்குப் போகட்டும்.

4. கை வயிற்றில் இருக்கட்டும்

இந்த இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

தாயை நேராகப் படுக்க வைத்து, முழங்காலைச் சற்று மடக்கச் சொல்லுங்கள், வயிற்றுத் தசை தளரும். இடது கையை அடிவயிற்றில், இடுப்பெலும்புக்கு மேல் அணையாக வையுங்கள். வலது கையின் சுண்டுவிரல் பக்கத்தால் தொப்புளுக்கு மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். தொப்புள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ உருண்டையாக ஒன்று தட்டுப்படும். அது உங்கள் நெற்றியைத் தொட்டால் இருப்பது போல உறுதியாக இருக்க வேண்டும். கன்னம் போல இருந்தால் தளர்ந்திருக்கிறது. எதுவுமே தட்டுப்படவில்லை என்றால் "வயிறு சாஃப்ட்டா இருக்கு, நார்மல்" என்று எழுதிவிடாதீர்கள். மிக மோசமாகத் தளர்ந்த கர்ப்பப்பை கைக்கு அகப்படாது.

தளர்ந்திருந்தால் உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்துவிடுங்கள், இறுகும் வரை. இறுகியபின் கட்டிகள் இருந்தால் மெல்ல அழுத்தி வெளியேற்றுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. தளர்ந்த கர்ப்பப்பையை மேலிருந்து அமுக்கினால் அது புரள வாய்ப்பு உண்டு.

இறுகியிருக்கும் கர்ப்பப்பையை விடாமல் தேய்த்துக்கொண்டே இருக்கவும் வேண்டாம். ஆக்ஸிடோசின் போட்ட தாய்க்குத் தொடர்ந்து தேய்ப்பதால் கூடுதல் பலன் இல்லை, வலிதான் மிச்சம். தொட்டுப் பார்ப்பதுதான் முக்கியம்.

தாயின் கையையே எடுத்து அந்த உருண்டையின் மேல் வைத்துக் காட்டுங்கள். "இது கல்லு மாதிரி இருக்கணும்மா. மெத்துன்னு ஆனா உடனே கூப்பிடுங்க." கூட இருக்கும் அம்மாவுக்கோ அக்காவுக்கோ அதையே காட்டிவிட்டால், இரண்டு கண் கூடுதலாகக் கிடைத்த மாதிரி.

5. ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள்

கண் மதிப்பீடு பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்லும். பெல்காம் பகுதியில் நடந்த ஆய்வுகளில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைப் பயன்படுத்தியபோது, கண்ணால் சொன்ன அளவு விரிப்பில் சேர்ந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. 500 மி.லி. போயிருந்தால் நாம் 330 என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்போம்.

அளவு விரிப்பு இருந்தால் குழந்தை பிறந்து பனிக்குட நீர் வடிந்தபின் இடுப்புக்கு அடியில் விரியுங்கள். முன்பே விரித்தால் நீரும் ரத்தமும் கலந்து கணக்கு கெட்டுவிடும். விரிப்பு இல்லையா, கிட்னி டிரேயை வைத்துப் பிடித்து, அளவு ஜாடியில் ஊற்றிப் பாருங்கள். துணியும் பேடும் நனைந்திருந்தால் எடை போடுங்கள். நனைந்த எடையில் காய்ந்த எடையைக் கழித்தால் வரும் கிராம்தான் ஏறத்தாழ மி.லி. கணக்கு. லேபர் ரூமில் குழந்தை எடை பார்க்கும் கருவி எப்படியும் இருக்கிறது; கீழே பிளாஸ்டிக் ஷீட் போட்டுப் பயன்படுத்தி, பிறகு துடைத்து வையுங்கள்.

விரிப்பில் 300 என்ற கோடு எச்சரிக்கை, 500 என்ற கோடு செயல். 300-ஐத் தொட்டிருக்கிறது, கூடவே பல்ஸ் ஏறியிருக்கிறது அல்லது கர்ப்பப்பை தளர்ந்திருக்கிறது என்றால் 500 வரட்டும் என்று நிற்க வேண்டாம்.

எல்லோரையும் ஏமாற்றுவது கொட்டும் ரத்தம் அல்ல, கசியும் ரத்தம். கொட்டினால் யாருக்கும் தெரியும், ஆளுக்கு ஆள் ஓடி வருவார்கள். நூல் போல இறங்கிக்கொண்டே இருப்பது முதுகுக்கு அடியில் போய்த் தேங்குகிறது. முன்னால் வைத்த பேட் சுத்தமாக இருக்கும். "சிஸ்டர், முதுகுக்குக் கீழ ஜில்லுனு இருக்கு" என்று தாய் சொன்னால், அது வியர்வையாக இருக்கும் என்று சமாதானம் சொல்லாமல் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். தாய் சொல்லாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஒரு பேட் ஐந்து நிமிடத்தில் முழுதாக நனைந்தால் அது ஆபத்தான வேகம்.

6. சிறுநீர்ப்பை

நிறைந்த சிறுநீர்ப்பை கர்ப்பப்பையை மேலே தள்ளி, ஒரு பக்கம், பெரும்பாலும் வலது பக்கம், ஒதுக்கிவிடும். ஒதுங்கிய கர்ப்பப்பை இறுகாது. தொப்புளுக்கு மேலே, பக்கவாட்டில் தட்டுப்படுகிறதா? மருந்தைத் தேடும் முன் சிறுநீரை வெளியேற்றுங்கள்.

எழுந்து போக முடியாத தாய்க்கு பெட்பேன் வையுங்கள், திரையை இழுங்கள். நாலு பேர் நிற்கும்போது யாருக்கும் வராது. ஆறு மணி நேரத்துக்குள் தானாகப் போயிருக்க வேண்டும். ரத்தப்போக்கு இருந்தால் காத்திருக்காமல் உடனே கேத்தீட்டர்.

7. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு சுற்று

முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். கேஸ் ஷீட்டிலும் எட்டுக் கட்டங்களும் நிரம்பியிருக்கும். எட்டிலும் பல்ஸ் 80, பி.பி. 110/70 என்று ஒரே கையெழுத்தில், ஒரே மையில் இருந்தால் அது எங்கே உட்கார்ந்து எழுதப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. ரிஜிஸ்டரை நர்ஸிங் ஸ்டேஷனில் வைக்காமல் தாயின் பக்கத்தில் வைத்து எழுதுங்கள், பாதிப் பிரச்சினை தீரும்.

சுற்றின் வரிசை இதுதான்: முகம், பல்ஸ், வயிறு, பேடும் முதுகடியும், அப்புறம் பி.பி. கடைசியில் எழுத்து.

முகத்தில் ஆரம்பிப்பதற்குக் காரணம், பேச்சுக் கொடுத்தால் அரை நிமிடத்தில் நிறையத் தெரிந்துவிடும். வெளிறிய உதடு, வியர்வை, கொட்டாவி, "தண்ணி வேணும்" என்ற அனத்தல், காரணம் தெரியாத படபடப்பு எல்லாம் ரத்தம் குறைவதன் முன்னறிவிப்புகள். "பயந்த பொண்ணு, அப்படித்தான் புலம்பும்" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பி.பி.-யைக் கடைசியில் வைத்ததைப் பார்த்துச் சிலர் வாக்குவாதம் செய்வார்கள். ஆனால் இளம் பெண்களின் உடம்பு ரத்தக்குழாய்களைச் சுருக்கி பி.பி.-யை வெகுநேரம் காப்பாற்றிக்கொள்ளும். அது இறங்கும்போது ஏற்கெனவே நிறைய ரத்தம் போயிருக்கும். பல்ஸ் முதலில் ஏறும். அதனால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: பல்ஸை மேல் பி.பி.-யால் வகுத்து 0.9-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். பல்ஸ் 112, பி.பி. 104/70 என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் "பரவாயில்லை" என்று தோன்றும். சேர்த்துப் பார்த்தால் பல்ஸ் பி.பி.-யைத் தாண்டிவிட்டது. கணக்குப் போட நேரமில்லாவிட்டால் இந்த ஒரு வரி போதும்: பல்ஸ் எண் மேல் பி.பி. எண்ணை நெருங்கினால் ஆளைக் கூப்பிடு.

பி.பி. கூடுவதும் ஆபத்துதான். பிரசவம் முடிந்துவிட்டால் வலிப்பு வராது என்ற நம்பிக்கை தவறு, பிறகும் வரும். 140/90-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். 160/110, அல்லது தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்றால் அது அவசரம். மருத்துவர் சொல்லும் முதல் டோஸ் மெக்னீசியம் சல்ஃபேட் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பி.பி. கூடிய தாய்க்கு மெதர்ஜின் போடக் கூடாது, அது பி.பி.-யை இன்னும் ஏற்றிவிடும். பலகையில் பி.பி. எழுதச் சொன்னது இதற்காகவும்தான்.

8. தையல் போட்ட இடம்

கர்ப்பப்பை கல் மாதிரி இறுகியிருக்கிறது, ஆனாலும் பளிச்சென்று சிவந்த ரத்தம் நிற்காமல் வருகிறது என்றால் கிழிசல் எங்கோ இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில், உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, வாசலில் இருந்து கர்ப்பப்பை வாய் வரை பார்க்க வேண்டும். வெளியே தையல் அழகாக இருப்பது உள்ளே எதுவும் இல்லை என்பதற்குச் சான்று அல்ல.

ரத்தமே வெளியே வராத ஒரு வகையும் உண்டு. தோலுக்கு அடியில் கட்டும் ரத்தம். தையல் வலிக்கு மீறிய வலி, மலம் கழிக்க வேண்டும் போன்ற அழுத்தம், ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாக வீங்கியிருத்தல் இதன் அடையாளங்கள். மாத்திரை கொடுத்துத் தூங்கச் சொல்லிவிட்டுப் போகாமல், துணியை விலக்கிப் பாருங்கள்.

9. குழந்தை அம்மாவின் நெஞ்சில்

குழந்தை தோலோடு தோலாகத் தாயின் நெஞ்சில், மேலே உலர்ந்த துணி, தலையில் குல்லாய். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் குடிக்கத் தொடங்கட்டும். உறிஞ்சும்போது தாயின் உடம்பே ஆக்ஸிடோசின் சுரந்து கர்ப்பப்பையை இறுக்கும். அதே நேரம் குழந்தையின் சூடும் குறையாது. எடை பார்ப்பது, வைட்டமின் கே 1 மி.கி. ஊசி எல்லாம் முதல் பால் முடிந்தபின் போதும். பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ் பி மூன்றையும் 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். குளிப்பாட்டுவது மறுநாள்.

களைத்துப்போன தாய் தூங்கிவிடுவாள். குழந்தையின் மூக்கு துணியிலோ மார்பிலோ புதையாமல், முகம் ஒரு பக்கம் திரும்பி, தெரியும்படி இருக்கிறதா என்று ஒவ்வொரு சுற்றிலும் பாருங்கள். நிறத்தையும் மூச்சையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும்.

இங்கேதான் பாட்டி வருவார். சேனை தொட்டு வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ சின்ன கிண்ணத்தில் தயாராக இருக்கும். அதட்டினால் நீங்கள் அந்தப் பக்கம் போனபின் வைத்துவிடுவார். "பாட்டி, முதல்ல அம்மா பால் போகட்டும், சீம்பால்தான் முதல் தடுப்பூசி. தேன்ல வர்ற கிருமி பச்சைக் குழந்தைக்கு ஆகாது" என்று சொல்லி, பாலூட்டும்போது தாயின் முதுகைத் தாங்கிப் பிடிக்கும் வேலையை அவரிடமே கொடுங்கள். கையில் வேலை இருந்தால் கிண்ணம் மறந்துபோகும்.

தாய்க்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, வயிறு பெருத்துவிடும் என்ற வழக்கமும் நம் ஊர்களில் உண்டு. தாகத்துக்குத் தண்ணீரும், பசிக்கு இட்லியோ கஞ்சியோ தாராளமாகக் கொடுக்கலாம். கர்ப்பப்பை தளர்ந்தோ ரத்தம் கூடுதலாகவோ இருந்தால் மட்டும், மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால், மருத்துவர் பார்க்கும் வரை நிறுத்தி வையுங்கள். வயிற்றில் துணி கட்டுவதை இரண்டு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். துணிக்கு மேலிருந்து கர்ப்பப்பையைத் தொட்டுப் பார்க்க முடியாது.

10. ரத்தம் நிற்கவில்லை என்றால்

இங்கே புதியவர்கள் செய்யும் பெரிய தவறு ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பது. தேய்த்துப் பார்ப்போம், பத்து நிமிடம் பொறுத்து மருந்து, அதற்கும் நிற்காவிட்டால் டாக்டர் என்று. நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் நடந்து 2023-இல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வில், விரிப்பால் அளந்து முன்கூட்டியே கண்டுபிடித்து, எல்லாச் சிகிச்சையையும் ஒரே மூச்சில் கொடுத்தபோது மோசமான விளைவுகள் 60% குறைந்தன. அங்கே பயன்பட்டவை எல்லாம் நம் டிரேயிலும் இருக்கும் மருந்துகள்தான்.

முதலில் சத்தமாகக் கூப்பிடுங்கள். தாயை விட்டு நகராமல் ஆயாம்மாவையோ கூட இருப்பவரையோ அனுப்பி டாக்டரையும் இன்னொரு நர்ஸையும் வரவழையுங்கள்.

உங்கள் ஒரு கை வயிற்றில் தேய்த்தபடி இருக்க, வந்தவர் ஆர்.எல். பாட்டிலில் ஆக்ஸிடோசின் 20 யூனிட் கலந்து ஓடவிடட்டும். ஆக்ஸிடோசினை நீர்க்காமல் வேகமாக நரம்பில் தள்ளக் கூடாது, பி.பி. சரிந்துவிடும். இரண்டாவது கையில் இன்னொரு வென்ஃப்ளான் போட்டு, நீர் ஏற்றும் முன்பே ரத்த மாதிரி எடுத்துவிடுங்கள்.

டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், நரம்பில், 10 நிமிடத்தில் மெதுவாக. இதைக் கடைசி ஆயுதம் என்று வைத்திருக்க வேண்டாம். பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். 15 நிமிடம் தாமதித்தால் பலனில் ஏறத்தாழ 10% போய்விடுகிறது. அரை மணி நேரத்துக்குப் பிறகும் ரத்தம் போனால் இன்னொரு கிராம் கொடுக்கலாம்.

சிறுநீர்ப்பையைக் காலி செய்து, கேத்தீட்டரை அப்படியே விடுங்கள். அதன்பின் காரணம் தேடுங்கள்: கர்ப்பப்பை தளர்வா, கிழிசலா, உள்ளே நஞ்சுத் துண்டா, ரத்தம் உறையவில்லையா. தளர்வுதான் அதிகம், ஆனால் அதோடு கிழிசலும் சேர்ந்து இருக்கலாம். ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்திவிட வேண்டாம்.

நின்றதா என்று பார்த்துவிட்டு 108-ஐ அழைக்கலாம் என்று இருக்காதீர்கள். முதல் மருந்து ஓடத் தொடங்கியதும் ஒருவர் போனை எடுக்கட்டும். ரத்தம் நின்றுவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்பலாம், அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஷாக் கார்மெண்டைக் கணுக்காலில் ஆரம்பித்து மேல்நோக்கிக் கட்டுங்கள். வழியில் எக்காரணம் கொண்டும் அவிழ்க்கக் கூடாது. அவிழ்ப்பது பெரிய மருத்துவமனையில், ரத்தம் நின்று நிலைப்பட்டபின். போர்வை போர்த்துங்கள். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறைவது இன்னும் கெடும்.

சீமாங்க் மையத்துக்கு (அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சை தரும் பெரிய மருத்துவமனை) முன்கூட்டியே போன் செய்து ரத்த வகையைச் சொல்லிவிடுங்கள். ரெஃபரல் சீட்டில் பிரசவ நேரம், போன ரத்தத்தின் அளவு, ஒவ்வொரு மருந்தும் கொடுத்த மணி, நஞ்சு முழுதா இல்லையா, கடைசி பல்ஸும் பி.பி.-யும். "பி.பி.எச்., மேல்சிகிச்சைக்கு" என்று ஒற்றை வரியில் அனுப்பினால் அங்கே எல்லாம் முதலில் இருந்து ஆரம்பிக்கும். வண்டியில் ஒரு நர்ஸ் கூடப் போக வேண்டும், கை வயிற்றில்.

11. வார்டுக்கு மாற்றும் முன்

இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது என்பது மட்டும் மாற்றக் காரணம் ஆகாது. கடைசி இரண்டு சுற்றிலும் கர்ப்பப்பை இறுக்கமாக, பல்ஸ் 100-க்குக் கீழே, பேடில் கசிவு குறைந்து இருக்க வேண்டும். கட்டில் காலியாக வேண்டும் என்று வார்டுக்குத் தள்ளப்பட்ட தாயைத்தான் பிறகு ஓடி ஓடித் தேடுவோம்.

முதல் முறை எழுந்திருக்கும்போது தனியாக விடாதீர்கள். கட்டிலில் இரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்து, தலைசுற்றல் இல்லை என்றால் மட்டும் கைபிடித்துக் கழிப்பறைக்கு அழைத்துப் போங்கள், தாழ் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். நின்றதும் தேங்கியிருந்த ரத்தம் குபுக்கென்று வரும். ஒருமுறை வந்து நின்றால் பயமில்லை, தொடர்ந்தால் திரும்பப் படுக்க வையுங்கள்.

வார்டு நர்ஸிடம் கேஸ் ஷீட்டை நீட்டிவிட்டுப் போகாமல், இருவரும் சேர்ந்து தாயின் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். "எனக்கு இங்கே இருந்தது" என்று அவர் கையும் உணர வேண்டும், அப்போதுதான் அடுத்த மணி நேரத்தில் மாற்றம் வந்தால் அவருக்குத் தெரியும். போன ரத்த அளவு, தையல், சிறுநீர் போன நேரம், குழந்தை பால் குடித்த நேரம், போட வேண்டிய ஆன்டி-டி போன்ற பாக்கிகள் எல்லாவற்றையும் வாயால் சொல்லி, அடுத்து பார்க்க வேண்டிய மணியைக் கேஸ் ஷீட்டின் மேல் ஓரத்தில் எழுதி, கீழே இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.